வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே பறவை பார்ப்பது: சென்னையிலிருந்து கிளம்புபவருக்கான முழுமையான வழிகாட்டி

நான் 11 ஆண்டுகள் ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு மேடவாக்கத்துக்குத் திரும்பியவன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெரும்பாக்கம் ஏரிக்கரையில் என்னோடு நின்று பழகிய இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் இதற்குள் துபாய், மஸ்கட், தோஹா என்று வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் முதல் ஆண்டை ஒரே விதமாகத்தான் வீணடித்தார்கள். பாலைவனம் என்றதும் யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு மணல்மேடுகளுக்குள் போவார்கள். மூன்று மணி நேரம் அலைந்து இரண்டு வானம்பாடிகளைப் பார்ப்பார்கள். இரவு எனக்குப் போன் செய்து, "இங்க ஒண்ணுமே இல்ல சார்" என்பார்கள்.

பறவைக்கு அங்கே குறைவில்லை. அவர்கள் செய்த வேலைகளின் வரிசைதான் தலைகீழாக இருந்தது. எனவே கீழே உள்ளவற்றை எண் வரிசைப்படியே செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு நன்கு தெரிந்தது ஐக்கிய அரபு அமீரகம் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். முறை மற்ற வளைகுடா நாடுகளுக்கும் பொருந்தும்.

1. விசா வருவதற்குள்: உப்பங்கழியில் பயிற்சி

வேலை உறுதியாகி விசா கைக்கு வரும்வரை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களாவது கிடைக்கின்றன. அந்த நாள்களில் பாலைவனப் பறவைகளின் படங்களைப் புரட்டுவதைக் காட்டிலும், கேளம்பாக்கம் உப்பங்கழியிலும் பள்ளிக்கரணையிலும் அடையாறு முகத்துவாரத்திலும் நின்று கரையோரப் பறவைகளைப் பழகுவது பத்து மடங்கு பயன் தரும்.

காரணம் எளியது. நம் கடற்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் உள்ளான்களிலும் உப்புக்கொத்திகளிலும் பெரும்பாலான இனங்கள் வளைகுடாவின் சேற்றுத் திட்டுகளுக்கும் வருகின்றன. கொசு உள்ளான், பவளக்கால் உள்ளான், பச்சைக்கால் உள்ளான், நெடுங்கால் உள்ளான், கருவால் மூக்கன், கெண்டிஷ் உப்புக்கொத்தி ஆகிய ஆறையும் இங்கேயே கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டால், அங்கே முதல் நாளில் உங்கள் முன் நிற்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் தெரிந்த முகங்களாக இருக்கும்.

பழகுவது என்றால் நிறத்தை மனப்பாடம் செய்வதன்று. குளிர்காலத்தில் நெடுங்கால் உள்ளானைத் தவிர மற்றவை எல்லாமே ஏறக்குறைய ஒரே சாம்பல் பழுப்புதான். அலகின் நீளம் தலையைப் போல எத்தனை மடங்கு, கால் உடலுக்கு எவ்வளவு வெளியே நிற்கிறது, இரை தேடும் விதம் என்ன என்ற மூன்றையும் பாருங்கள். கொசு உள்ளான் தலை நிமிராமல் கொத்திக்கொண்டே போகும்; உப்புக்கொத்தி நாலடி ஓடும், நிற்கும், ஒருமுறை குனியும், மறுபடி ஓடும். ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் புள்ளியாகத் தெரியும் பறவையையும் அந்த நடை காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கேயே இரண்டு மரங்களையும் பழகிக்கொள்ளுங்கள். நம்மூர்க் கோயில்களில் நிற்கும் வன்னிதான் அங்கே காஃப் என்ற பெயரில் அமீரகத்தின் தேசிய மரமாக இருக்கிறது. நம் ஏரிகளைக் கெடுத்த சீமைக் கருவேலமும் அங்கே சாலையோரம் நட்டு வளர்க்கப்பட்டுப் பரவியிருக்கிறது. வலசைக் காலத்தில் சிறு பறவைகள் இறங்கி ஒதுங்குவது இந்த இரண்டிலும்தான். தூரத்தில் நிற்கும் மரம் எது என்று தெரிந்தால் எங்கே போய் நிற்பது என்பதும் தெரியும்.

ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையே கிளம்புபவருக்கு இந்தப் பயிற்சி முழுதாக வாய்க்காது. அவர்கள் நெடுங்கால் உள்ளானையும் வானம்பாடிகளையும் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

2. கருவிகள்: எதை இங்கே வாங்குவது, எதை அங்கே வாங்குவது

பைனாகுலரை இங்கேயே வாங்கி, ஒரு மாதமாவது பழகிவிட்டு எடுத்துச் செல்லுங்கள். அங்கே வாரத்தில் ஒரு காலைதான் உங்களுடையது. அதைக் கருவி பழகுவதில் செலவிடக் கூடாது. 8×42 அளவு போதும். 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையை 8 மடங்கு உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5.25 மில்லிமீட்டர், விடியலின் மங்கிய வெளிச்சத்துக்கு அது தாராளம். 10 மடங்கு, 12 மடங்கு என்று கூடுதலாக வாங்கியவர்களுக்கு அங்கே பயனில்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்: வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் கானல், பறவையைப் பெரிதாக்கும் அதே அளவுக்குத் தன்னையும் பெரிதாக்கிக் காட்டும்.

முக்காலியில் பொருத்திப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பை முதல் ஆண்டில் வாங்க வேண்டாம். சேற்றுத் திட்டுகளுக்கு அது இல்லாமல் முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் அங்கே பழக்கமாகும் பறவை நோக்கர்களில் ஒருவரிடமாவது அது இருக்கும். நீங்கள் எந்த வகை இடத்துக்கு அதிகம் போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு வாங்குவது நல்லது.

வில்லையில் மணல் படிந்தால் எடுத்ததும் துணியால் துடைக்கக் கூடாது. சட்டை நுனியால் துடைத்து ஒரே பருவத்தில் வில்லையை உப்புத்தாள் தேய்த்ததைப் போல ஆக்கியவர் உண்டு. முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊதி, பிறகு மென்தூரிகையால் தட்டி, கடைசியாகத்தான் துணி. அந்த வரிசைக்குக் காரணம், வில்லையின் பூச்சைக் கீறுவது துணியன்று, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கும் மணல் என்பதே.

செப்டம்பர், அக்டோபரில் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். ஏசி காருக்குள் குளிர்ந்த பைனாகுலரை வெளியே எடுத்ததும் வில்லை வெள்ளையாகப் பனித்துவிடும்; தெளிய கால் மணி நேரம் ஆகும், அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். கிளம்பும்போதே பையை டிக்கியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பார்த்து முடித்தபின் நிறுத்திய காரின் டாஷ்போர்டிலோ டிக்கியிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் மசகும் ரப்பரும் கெடும்.

போனில் பறவைப் பட்டியலைப் பதியும் இ-பேர்ட், அடையாளம் காண உதவும் மெர்லின் ஆகிய இரண்டு செயலிகளையும் நிறுவி, நீங்கள் போகும் நாட்டுக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். இந்தியப் பறவைகளுக்கான கையேடு மட்டும் போதாது. வளைகுடாவில் அன்றாடம் காணும் சில இனங்கள் அதில் இருக்காது. மத்திய கிழக்குக்கான கையேடு ஒன்று தேவை.

3. முதல் மாதம்: குடியிருப்பைச் சுற்றி ஒரு கிலோமீட்டர்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். போய் இறங்கிய முதல் மாதத்தில் எந்தப் புகழ்பெற்ற இடத்துக்கும் போகாதீர்கள். டாக்ஸிக்குச் சம்பளப் பணத்தை இறைப்பதற்கு முன், தங்குமிடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு பாதையை வகுத்துக்கொண்டு, கம்பெனி பஸ் வருவதற்கு முன் 20 நிமிடம் அதையே தினமும் நடங்கள்.

காகம், மைனா, பச்சைக்கிளி, சின்னத் தவிட்டுப்புறா, ஆள்காட்டி என்று முதல் வாரம் நம்மூரே வந்துவிட்டதாகத் தோன்றும். விளக்குக் கம்பத்தில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். ரவுண்டானாவின் புல்தரையில் கொண்டலாத்தி அலகைக் குத்திக் குத்திப் பூச்சியை எடுக்கும். கொண்டைக்குருவிகளில் மட்டும் கன்னத்தில் வெள்ளைத் திட்டுடன் புதிதாக ஒன்று இருக்கும். அது வெண்காது கொண்டைக்குருவி. பிப்ரவரியை ஒட்டி அடுக்குமாடிகளுக்கு மேலே உழவாரன்கள் கூட்டமாகச் சுற்றத் தொடங்கும்.

இதை ஏன் எழுதி வைக்க வேண்டும்? உள்ளூர் வாடிக்கை மனத்தில் பதிந்தவருக்குத்தான் புதிதாக வந்தது கண்ணில் படும். மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, நீங்கள் அறுபது முறை கடந்த அதே வேலிக் கம்பியில், அறுபது முறையும் இல்லாத கீச்சான் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது இரவு முழுதும் பறந்து வந்து இறங்கியது. அறுபது நடை நடக்காதவருக்கு அது வெறும் ஒரு பறவை.

4. மணலைத் தேடாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும். ஈரமான நாட்டில் பறவை எங்கும் பரவிக் கிடக்கும். வறண்ட நாட்டிலோ தண்ணீர் இருக்கும் சில புள்ளிகளில் குவிந்து கிடக்கும். நம்மூர்ப் பழக்கத்தில் நடந்துகொண்டே பார்ப்பவர் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள வெறுமையில்தான் நடப்பார்.

வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, மூன்று வகை இடங்களைத் தேடுங்கள். முதலாவது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் அவற்றின் நீரால் உண்டான குளங்களும். இரண்டாவது, வட்ட வட்டமாகத் தெரியும் தீவன வயல்கள். கால்நடைக்கான புல்லைச் சுழலும் தெளிப்பான்களால் வளர்க்கும் இடங்கள் அவை. மூன்றாவது, கடல் நிலத்துக்குள் வளைந்து நுழையும் கழிகள். அரபியில் கோர் என்பார்கள், ஓரத்தில் அலையாத்தி இருக்கும்.

துபாயில் தொடங்குபவருக்கு ராஸ் அல் கோர் சரணாலயம் நல்ல முதல் இடம். நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, பார்ப்பதற்குக் குடில்கள் உண்டு, பூநாரைகள் நெருக்கத்தில் நிற்கும், காவலர்களுக்கும் பறவை பார்ப்பவர் பழக்கம். அடுத்து அல் குத்ரா ஏரிகள், பிறகு அபுதாபி பக்கம் அல் வத்பா. உம் அல் குவைனில் உள்ள கோர் அல் பைதாவையும் கிழக்குக் கரையின் கோர் கல்பாவையும் ஆறு மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னதில் நண்டு தின்னும் கிராப் ப்ளோவரையும், பின்னதன் அலையாத்திக்குள் அரிய மீன்கொத்தி வகை ஒன்றையும் தேடுவதற்கு ஓதமும் (கடல்நீரின் ஏற்றவற்றம்) பொறுமையும் அனுமதியும் கைவர வேண்டும். குவைத்தில் இருப்பவர் ஜஹ்ரா குளத்தையும், மஸ்கட்டில் இருப்பவர் அல் அன்சாப் ஈரநிலத்தையும் கொண்டு தொடங்கலாம். திறக்கும் நாள், நேரம், முன்பதிவு ஆகியவை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் முந்தின நாள் சரிபார்த்த பிறகே கிளம்புங்கள்.

இடத்தை அடைந்ததும் நடக்காமல் உட்காருங்கள். ஒருமுறை தீவன வயல் வேலியோரத்தில் குழாய் இணைப்பு ஒன்று கசிந்து, சாப்பாட்டுத் தட்டளவு ஈரம் மட்டும் இருந்த இடத்தில், காருக்குள்ளேயே 40 நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முதல் பத்து நிமிடம் ஒரு தவிட்டுப்புறாகூட வரவில்லை. பிறகு இரண்டு புறாக்கள் வந்தன. அவை பயமின்றிக் குடித்ததைப் பார்த்துத்தான் வெண்காது கொண்டைக்குருவிகள் இறங்கின. கடைசியில் கல்கவுதாரி ஜோடி ஒன்று நூறு மீட்டர் தள்ளி இறங்கி, நடந்தே வந்து சேர்ந்தது. ஆண் பறவை குடித்ததோடு போகவில்லை. வயிற்றை ஈரத்தில் அழுத்தி, இடமும் வலமும் அசைந்து அசைந்து இறகுகளை நனைத்துக்கொண்டிருந்தது. குஞ்சுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோவது அந்த இறகுகளில்தான். பத்தாவது நிமிடத்தில் வண்டியைக் கிளப்பியிருந்தால் எனக்கும் அங்கே ஒன்றுமில்லைதான்.

கல்கவுதாரி தண்ணீருக்கு வருவது விடியலில் அன்று, வெயில் சற்று ஏறிய பிறகு என்பதையும் நினைவில் வையுங்கள். விடிந்ததும் பார்த்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்புபவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

5. கடற்கழிக்குப் போகும் முன் ஓதம் பாருங்கள்

பள்ளிக்கரணையில் பழகியவருக்கு ஓதம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். சதுப்பின் தண்ணீர் காலைக்கும் மாலைக்கும் மாறுவதில்லை. வளைகுடாவின் சேற்றுத் திட்டுகளோ ஏறக்குறைய மட்டமானவை. அங்கே கடல் ஒரு மீட்டர் இறங்கினால் கரைக்கோடு கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும், அதன் பின்னாலேயே பறவைகளும் போய்விடும்.

தோஹாவுக்குப் போன தம்பி ஒருவர் மூன்று வெள்ளிக்கிழமைகள் விடியலிலேயே கரைக்குப் போய், மூன்று முறையும் வெறும் சேற்றைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று நாளும் அந்த நேரம் கடல் முழுதாக வற்றியிருந்தது என்பது ஓத அட்டவணையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

விதி இதுதான்: உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். தண்ணீர் ஏற ஏற, பரந்து கிடந்த பறவைகள் மிஞ்சிய சேற்றில் நெருங்கி, உங்களை நோக்கி வரும். தண்ணீர் முழுதாக ஏறிய பிறகு போனால், அவை எங்கோ ஓரிடத்தில் ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஓதத்தோடு வெளிச்சத்தையும் பொருத்துங்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் வரும் கரை எது என்று வீட்டிலேயே வரைபடத்தில் பார்த்துவிட்டால், எதிர்வெயிலில் கறுப்பு உருவங்களை எண்ணும் நிலை வராது. ஓதமும் வெளிச்சமும் பொருந்தாத வாரத்தில் கடற்கழியை விட்டுவிட்டுத் தீவன வயலுக்குப் போங்கள்.

6. மணல்வெளிக்குள் நுழைய வேண்டியபோது

கொண்டலாத்தி வானம்பாடிக்காகவும், மணல்நிறத்தில் தரையில் ஓடித்திரியும் கோர்ஸருக்காகவும் ஒருநாள் உள்ளே போகத்தான் வேண்டும். அதற்குத் தனியாகப் போகாதீர்கள். இரண்டு வண்டிகள் இருப்பது நல்லது. பணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் உரிமமற்ற கார்கள் அங்கே சட்டவிரோதம் என்பதால் அவற்றில் ஏற வேண்டாம்.

மென்மணலில் இறங்கும் முன் டயர் காற்றை ஏறத்தாழ 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குவது வழக்கம். டயர் அகலமாகப் படிந்தால் புதையாது. திரும்பத் தார்ச்சாலை ஏறுமுன் காற்றடிக்கச் சிறு கம்ப்ரசர் வண்டியில் இருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் இல்லாத காரைக் கெட்டிப் பாதையை விட்டுக் கீழே இறக்கவே கூடாது.

மணல்மேட்டைக் காட்டிலும் ஆபத்தானது சப்கா என்னும் உப்புப்பரப்பு. மேலே காய்ந்து, கிரிக்கெட் ஆடலாம் போலத் தெரியும், அடியில் களி. நான் இரண்டாம் ஆண்டில் ஒரு பூனைப்பருந்தைத் துரத்தி அதில் காரை இறக்கினேன். முன்சக்கரம் அச்சுவரை போனது. வழியோடு போன ஒட்டகப் பண்ணைக்காரர் ஒருவர் பிக்கப் வண்டியில் கயிறு கட்டி இழுத்தார். நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை, என் டயரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். வெள்ளை உப்புப் படிவு தெரிந்தால் இறங்கி நடந்து பாருங்கள். செருப்புத் தடம் ஈரமாக விழுந்தால் திரும்பிவிடுங்கள்.

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கையில் சார்ஜ் உள்ள போன் ஆகியவை கட்டாயம். சாலையை விட்டு இறங்குமுன் இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் அறைத்தோழருக்கு அனுப்பி, எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதையும் எழுதுங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடுபவர் கண்ணுக்கு மனிதனைக் காட்டிலும் கார்தான் முதலில் தெரியும்.

இன்னொன்று, யாரும் சொல்லித்தருவதில்லை. தனித்து நிற்கும் வன்னி மர நிழல் கண்டதும் உட்காரத் தோன்றும். ஒட்டகங்கள் படுத்தெழுந்த நிழல் என்றால் உட்காராதீர்கள். மணலுக்குள் காத்திருக்கும் ஒட்டக உண்ணிகள் உங்கள் மூச்சையும் அதிர்வையும் உணர்ந்து நான்கு பக்கமிருந்தும் ஓடி வரும். ஓடித்தான் வரும், ஊர்ந்தன்று. கிரைமியன் காங்கோ காய்ச்சல் போன்ற நோயைப் பரப்பக்கூடிய உண்ணி வகை அது. பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டு, நின்றபடியே பாருங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விடியலில் உள்நாட்டுச் சாலைகளில் கடும் மூடுபனி இறங்கும் நாள்கள் உண்டு. அன்று அரை மணி தாமதமாகக் கிளம்பினால் நட்டமில்லை. அங்கே அந்த மாதங்களில் சூரியன் உதிப்பதே ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான்.

7. வேலி, காவலர், கேமரா

பறவை கிடைக்கும் இடங்களில் பல வேலிக்குள் இருக்கின்றன: சுத்திகரிப்பு நிலையம், தீவனப் பண்ணை, கோல்ஃப் மைதானம். வேலியில் ஓட்டை இருப்பது அனுமதியாகாது. வாயிலில் இருக்கும் காவலர் பெரும்பாலும் மலையாளியாகவோ நேபாளியாகவோ பாகிஸ்தானியாகவோ இருப்பார். சலாம் சொல்லி, பைனாகுலரை அவர் கையில் கொடுத்து, ஒருமுறை பார்க்கச் சொல்லி, அதன் பிறகு கேளுங்கள். முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், அவர் மேலாளரிடம் போனில் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவரே கண்ணால் கண்டிருந்தால் சொல்வது எளிது.

ராணுவ முகாம், விமான நிலையம், துறைமுகம், எல்லை, கடலோரக் காவல் நிலையம், அரசு மாளிகை ஆகியவற்றின் அருகே பைனாகுலரையோ டெலி லென்ஸையோ வெளியே எடுக்கவே கூடாது, அரிய பறவையே முன்னால் நின்றாலும். 2015இல் அமீரகத்தில் விமான நிலையம் அருகே விமானங்களைக் குறித்துக்கொண்டிருந்த பிரிட்டன் நாட்டவர் சிலர் கைதாகி வாரக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். அவர்களும் பொழுதுபோக்குக்காகத்தான் பார்த்தார்கள். நானே ஒருமுறை கரையோரம் ஸ்கோப்பை நிறுத்தி நீர்க்காகங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, என் பின்னணியில் இருந்த கட்டடம் எது என்று கவனிக்காததால், இரண்டு மணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் இருந்த முந்நூறு படங்களிலும் பறவை மட்டுமே இருந்ததுதான் காப்பாற்றியது.

மனிதர்களை, குறிப்பாகக் குடும்பங்களைப் படமெடுக்காதீர்கள். கடற்கரைப் பூங்காவில் லென்ஸை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. அனுமதியின்றி ட்ரோன் கூடாது. அடையாள அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். "அனா அஷூஃப் துயூர்", அதாவது நான் பறவை பார்க்கிறேன் என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்யுங்கள். கொண்டலாத்தியின் அரபிப் பெயர் ஹுத்ஹுத். சுலைமான் நபியின் கதையில் வருவதால் அங்கே அறியாதவர் இல்லை. கடுகடுத்த முகத்தோடு வந்த காவலர், போனில் கொண்டலாத்திப் படத்தைக் காட்டி "ஹுத்ஹுத்" என்றதும் இளகிச் சிரித்ததை இரண்டு மூன்று முறை கண்டிருக்கிறேன்.

ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் தண்ணீர் குடிப்பதைத் தவிருங்கள், காருக்குள்ளும் பிறர் கண்ணில் படும்படி குடிக்காதீர்கள். அந்த மாதத்தில் மாலை நேரத்தைக் காட்டிலும் விடியலே ஏற்றது. நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டிச் சாலைகளில் வேகம் கூடிவிடும்.

8. அடையாளம் காண்பதில் புதியவர் தடுமாறும் இடங்கள்

சென்னைக்காரருக்கு அங்கே முற்றிலும் புதிய வகை என்று சொல்லத்தக்கது வீட்டியர்கள். கல்லின் மேலோ வேலிக் குச்சியிலோ நிமிர்ந்து நிற்கும் சிட்டளவுப் பறவைகள். நிற்கும்போது முகத்தையும் நிறத்தையும் பார்த்துக் குழம்புவதே எல்லோரும் செய்யும் தவறு. பறக்கும் கணத்தில் வாலைப் பாருங்கள். பாலை வீட்டியருக்கு வால் ஏறக்குறைய முழுக் கறுப்பு. இசபெல்லின் வீட்டியருக்கு வாலின் கீழ்ப்பாதி அகலமான கறுப்புப் பட்டை. பைட் வீட்டியருக்குத் தலைகீழாகப் போட்ட ஆங்கில 'T' போல நடுவில் ஒரு கறுப்புக் கோடும் நுனியில் மெல்லிய பட்டையும். பட்டை இரு ஓரங்களிலும் சற்று மேலேறும். மலைப்பாறையில் கறுப்பும் வெள்ளையுமாக ஆண்டு முழுதும் இருப்பது ஹ்யூம் வீட்டியர்.

கொண்டலாத்தி வானம்பாடி தரையில் நிற்கும்வரை மணலின் ஒரு பகுதிதான். அதைக் கண்ணால் தேடுவது வீண். மார்ச் மாத விடியலில் காதால் தேடுங்கள். மெலிந்த சீட்டி ஒலி மெல்ல மெல்ல ஏறும், கூடவே பறவையும் செங்குத்தாக ஏறும், உச்சியில் புரண்டு சிறகை விரித்து இறங்கும். அப்போதுதான் அந்த மங்கிய பறவைக்குள் இத்தனை கறுப்பும் வெள்ளையும் இருந்ததா என்று தெரியும்.

வெள்ளைக் கொக்கு என்று நீங்கள் எழுதுவதில் பாதி, வெஸ்டர்ன் ரீஃப் ஹெரானின் வெண்ணிற வடிவமாக இருக்கலாம். அலகு தடித்தும் சற்றே கீழ்நோக்கி வளைந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். அதே கூட்டத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றால் ஐயம் இன்னும் கூடும், கூடவேண்டும். பெரிய கடற்காகங்களை மட்டும் இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். அவற்றின் வயதுக்கேற்ற இறகு மாற்றங்களில் சிக்கி, நல்ல பருவம் ஒன்றையே தொலைத்தவர் உண்டு.

காலை ஒன்பதரைக்கு மேல் கானலுக்குள் தெரிந்த எதையும் உறுதியாக எழுதாதீர்கள். கானல் கால்களை நீட்டும், உடலைப் பிளக்கும். நான் கோர்ஸர் என்று நான்கு பேரைக் கூப்பிட்டுக் காட்டியது, நெருங்கிப் போனபோது கெண்டிஷ் உப்புக்கொத்தியாகிவிட்டது.

9. கோடை

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்தவெளி வேலையையே அமீரக அரசு தடை செய்திருக்கிறது. பொழுதுபோக்குக்காக அந்த வெயிலில் நிற்பதற்கு எந்த நியாயமும் இல்லை. விடிந்து ஒரு மணி நேரம், அதுவும் காரை விட்டு நூறு மீட்டருக்குள். ஆனால் கோடையை முழுதாகக் கைவிடாதீர்கள்: ஜூலைக் கடைசியிலேயே வடக்கிலிருந்து முதல் உள்ளான்கள் திரும்பத் தொடங்கும். அவற்றின் மேல் இனப்பெருக்க கால நிறம் இன்னும் கலையாமல் இருக்கும், சென்னையில் நவம்பரில் பார்ப்பவருக்குக் கிடைக்காத நிறம் அது.

10. எழுதி வைப்பது

பட்டியலை அன்றே, அந்த இடத்திலேயே இ-பேர்டில் முடித்துவிடுங்கள். அறைக்கு வந்து குளித்துச் சமைத்த பிறகு எழுதும் எண்ணிக்கை, நினைவிலிருந்து அன்று, ஆசையிலிருந்து வருகிறது. கண்டதில் தெரிந்ததை எல்லாம் எழுதி, முழுப் பட்டியல் என்று குறியுங்கள். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அரியவற்றை மட்டும் எழுதினால், அந்தப் பட்டியலிலிருந்து பிறர் எதையும் கணக்கிட முடியாது.

அரியது என்று செயலி கேள்வி கேட்டால், படமில்லாவிட்டாலும் நீங்கள் கண்ட அடையாளத்தைச் சொல்லால் எழுதுங்கள். "நன்றாகப் பார்த்தேன்" என்பது அடையாளமாகாது. பூநாரையின் காலில் எழுத்துள்ள வளையம் தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் எந்தக் கால் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆந்தையின் கூட்டையும் ஹூபாரா என்னும் பாலைவனக் கானமயில் வகையைக் கண்ட இடத்தையும் குழுக்களில் பகிராதீர்கள். கூட்டை மொய்க்கப் படக்காரர்களும், ஹூபாராவைத் தேட வேட்டைக்காரர்களும் உண்டு.

11. விடுமுறையும் திரும்பும் பையும்

குடும்பம் ஏப்ரல், மே மாதப் பள்ளி விடுமுறையைக் கேட்கும். வளைகுடாவிலோ மார்ச், ஏப்ரலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும்தான் வலசையின் உச்சம். நான் ஒரு ஆண்டு மே மாதமும் மறு ஆண்டு ஜனவரியுமாக மாற்றி மாற்றி எடுத்தேன். ஜனவரியில் வந்தால் பொங்கலையொட்டி நான்கு நாள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம். வீட்டு மொட்டை மாடியிலிருந்து 15 நிமிடம் எண்ணினாலும் அது கணக்கில் சேரும்.

பாலைவனப் பயணத்துக்கென்று அங்கே சாட்டிலைட் போனோ சாட்டிலைட் வழிச் செய்தி அனுப்பும் கருவியோ வாங்கியிருந்தால், ஊருக்கு வரும் பையில் அதை வைக்காதீர்கள். இந்தியாவில் முன் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையச் சோதனையில் பறவை பார்ப்பதற்காக வாங்கியது என்ற விளக்கம் எடுபடாது. பைனாகுலரைக் கைப்பையில் கொண்டுவாருங்கள். ஷூவின் அடியிலும் ட்ரைபாட் காலிலும் ஒட்டிய மண்ணையும் விதைகளையும் அறையிலேயே தட்டிக் கழுவிவிட்டுப் பையைக் கட்டுங்கள். அங்கிருந்தும் ஒரு களையைப் பள்ளிக்கரணைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை.